ஒப்பந்தத்துல ரெண்டு கையெழுத்து இருக்கு, மூணாவது எங்க?

தொழில் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கும் உரிமையாளர்கள் சங்கத்து நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நீங்க ரெண்டு தரப்பும் ஒண்ணா உக்காந்து தொழிலாளிங்களுக்கு சேஃப்டி ட்ரெய்னிங் சேர்ந்தே நடத்தப் போறோம்னு ஒப்பந்தம் போடறீங்கன்னு கேட்டதும் எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுக்கப்புறம் நான் எழுதறதைப் படிச்சிட்டு இவன் குறை சொல்லவே வந்திருக்கான்னு நீங்க நினைச்சிடக் கூடாது. நான் 22 வருஷமா மெயின்டனன்ஸ்ல ஃபிட்டரா இருக்கேன், கடைசி ஆறு வருஷமா சேஃப்டி கமிட்டியில தொழிலாளி தரப்புல உக்காந்திருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் பாத்தவன்.

துறை தனியா பண்ற வேலை எங்க முட்டும்னு எனக்குத் தெரியும். ஒரு இன்ஸ்பெக்டர் எத்தனை ஃபேக்டரி ஏறி இறங்குவார், அவர் வர்ற அன்னிக்கு எல்லாம் பளிச்சுனு இருக்கும், அவர் வண்டி கேட்டைத் தாண்டினதும் கழட்டி வெச்ச மறைப்புத் தகடு மறுபடி மூலைக்குப் போயிடும். சட்டம் அவருக்கு அத்துபடி, ஆனா இந்த மெஷின்ல எந்த இடத்துல கை போகும், ஏன் போகுதுன்னு அந்தத் தொழில்லயே கிடக்கறவனுக்குத் தான் தெரியும். அந்த அறிவு சங்கத்துக்கிட்ட இருக்கு. இன்னொண்ணும் இருக்கு, ஒரு சின்ன யூனிட் ஓனர் அதிகாரி சொன்னா பயந்துக்கிட்டு தலையாட்டுவார், அதையே அதே தொழில் பண்ற இன்னொரு ஓனர் வந்து 'நானும் இப்படித் தான் விட்டேன், ஒரு ஆள் போயிட்டான், இப்ப மாத்திட்டேன்'னு சொன்னா மனசுல வாங்கிப்பார். அதனால தான் நீங்க சேர்றது நல்லதுன்னு சொல்றேன்.

ஆனா ஒரு பையனைப் பத்தி நான் உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

காண்ட்ராக்ட்ல ஹெல்பரா வந்தவன், 23 வயசு. வந்த நாலாவது நாள் சேஃப்டி ட்ரெய்னிங்னு கூட்டிட்டுப் போய் ஒரு ஹால்ல உக்கார வெச்சாங்க, கிட்டத்தட்ட எண்பது பேர், ரெண்டு மணி நேரம், வெளியில இருந்து வந்தவர் திரையில படம் போட்டு வேகவேகமா ஓட்டினார், எழுத்து முக்கால்வாசி இங்கிலீஷ். நான் பின்னாடி நின்னுட்டு இருந்தேன். படம் ஓடும்போதே முன்னாடி இருந்து ஒரு அட்டெண்டன்ஸ் ஷீட் சுத்தி வந்துச்சு, எல்லாரும் குனிஞ்சு கையெழுத்துப் போட்டு பக்கத்தாளுக்குத் தள்ளி விட்டாங்க. கடைசியில ஒரு சிவப்புப் பூட்டும் மஞ்சள் அட்டையும் இருக்கற படம் வந்துச்சு, லாக் அவுட் டேக் அவுட்னு, அதாவது மெஷினுக்கு வர்ற கரண்டை நிறுத்திப் பூட்டி, பேர் எழுதின அட்டையை மாட்டிட்டு வேலை பாக்கற முறைன்னு, சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். வெளிய வரும்போது இந்தப் பையன் என்கிட்ட வந்து, 'அண்ணே, அந்தப் படத்துல காட்டின பூட்டு நம்ம கிட்ட இருக்கா?'ன்னு கேட்டான். எண்பது பேர்ல அவன் ஒருத்தன் தான் கேட்டான். நான் 'ஸ்டோர்ல இருக்குடா, வாங்கித் தர்றேன்'னு சொன்னேன். வாங்கித் தரல. அந்த வாரம் ஷட்டவுன் வேலை, மறந்துட்டேன்.

பதினோரு நாள் கழிச்சு கன்வேயர் பெல்ட்டோட டெயில் புல்லியில, அதாவது பெல்ட் திரும்பற கடைசி உருளையில, பொருள் அடைச்சிக்கிச்சு. கன்ட்ரோல் ரூம்ல ஸ்டாப் பட்டனை அமுக்கிட்டாங்க, பெல்ட் நின்னுச்சு, சூப்பர்வைசர் இவனைப் போய் சுத்தம் பண்ணுன்னு அனுப்பினார். பெல்ட் நின்னுருச்சு, ஆனா பேனல்ல கரண்டைத் துண்டிக்கற பிரேக்கரை யாரும் இறக்கல. ஷிப்ட் மாறற நேரம் வேற. புதுசா வந்தவர் ஏன் கன்வேயர் நிக்குதுன்னு பாத்துட்டு ஸ்டார்ட் குடுத்தார், கீழ ஆள் இருக்கறது அவருக்குத் தெரியாது, தெரிய வைக்கறதுக்கு அங்க ஒரு பூட்டும் இல்ல, ஒரு அட்டையும் இல்ல. வலது கை முழங்கை வரைக்கும் உள்ள இழுத்துடுச்சு. நான் ஓடிப் போய் பாக்கறப்ப பெல்ட் நின்னுருந்துச்சு, அவன் கத்தக் கூட இல்ல, புல்லியையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் ஸ்டோர்ல போய் பாத்தேன், 24 பூட்டு அட்டைப் பெட்டியிலேயே பிரிக்காம இருந்துச்சு.

விசாரணைன்னு வந்தப்ப முதல்ல மேஜைக்கு வந்தது அந்த அட்டெண்டன்ஸ் ஷீட் தான். 'ட்ரெய்னிங் குடுத்தாச்சு, இதோ அவன் கையெழுத்து.' சின்னதா, கொஞ்சம் சாஞ்சு, கடைசி எழுத்தை மேல இழுத்துப் போட்டிருந்தான். அந்தக் கையால போட்ட கையெழுத்தையே அந்தக் கை போனதுக்கு சாட்சியா அவனுக்கு எதிரா வெச்சாங்க. அன்னிக்கு எனக்குப் புரிஞ்சது ஒண்ணு தான், ரெண்டு மணி நேரம் நடந்த அந்த ட்ரெய்னிங் அவனைக் காப்பாத்த நடக்கல, இந்தப் பேப்பருக்காக நடந்துச்சு.

இப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணப் போற ட்ரெய்னிங்ல எத்தனை ஆயிரம் பேருக்குன்னு ஒரு டார்கெட் இருக்கும், எனக்குத் தெரியும், இல்லாம இருக்காது. எனக்கு பயமே அந்த நம்பர் மேல தான். ஆயிரக்கணக்குல கையெழுத்து வாங்கறது ரொம்ப சுலபம். ஆயிரக்கணக்கான பேர் கையில ஆளுக்கு ஒரு பூட்டு குடுத்து, பேனல் முன்னாடி நிக்க வெச்சு, நீயே இறக்கு, நீயே பூட்டு, சாவியை உன் பாக்கெட்ல போடு, அட்டையில உன் பேரை எழுது, இப்ப ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாரு ஓடுதான்னு சொல்லிக் குடுக்கறது கஷ்டம். ஆனா அது ஒண்ணு தான் ட்ரெய்னிங். அந்தக் கடைசி ஸ்டெப்பை நிறைய பேர் விட்டுடறாங்க, பூட்டு போட்டதுக்கப்புறமும் அமுக்கிப் பாக்கணும், ஏன்னா தப்பான பிரேக்கரை இறக்கியிருக்கலாம், பேனல்ல எழுதியிருக்கற பேரே பழசா இருக்கலாம். கரண்டை நிறுத்திட்டா முடிஞ்சதுன்னும் இல்ல, ஸ்பிரிங்ல இழுவை இருக்கும், சிலிண்டர்ல காத்து நிக்கும், ஹைட்ராலிக்ல பிரஷர் இருக்கும், மேல தூக்கி நிறுத்தின பாகம் தன் எடையிலேயே இறங்கும். ஆறு பேர் வேலை பாத்தா ஆறு பூட்டு, கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கற வரைக்கும் அந்த மெஷின் ஓடக் கூடாது. ஒருத்தன் பூட்டை இன்னொருத்தன் எடுக்கக் கூடாது, அது சூப்பர்வைசரா இருந்தாலும் சரி. அமெரிக்காவுல இதுக்குன்னே 1989-ல தனி விதி கொண்டு வந்தாங்க, அதை ஒழுங்கா கடைப்பிடிச்சா வருஷத்துக்கு 120 சாவையும் 50,000 காயத்தையும் தடுக்கலாம்னு அவங்க துறையே கணக்கு சொல்லுது. ஒரு பூட்டு, ஒரு சாவி, அவ்வளவு தான் விஷயம். இதை ஹால்ல படம் போட்டு சொல்லிக் குடுக்க முடியாது, நீச்சலை கரையில உக்காந்து கத்துக்கற மாதிரி ஆயிடும்.

சரி, தலைப்புல கேட்டதுக்கு வர்றேன்.

உங்க ஒப்பந்தத்துல அரசு கையெழுத்துப் போடும், சங்கம் கையெழுத்துப் போடும். இங்க ஒரு குழப்பத்தைத் தெளிவா சொல்லிக்கிறேன், நான் சங்கம்னு சொல்றது முதலாளிங்க சங்கத்தை, தொழிற்சங்கத்தை இல்ல. தொழிற்சங்கமோ, சேஃப்டி கமிட்டியில இருக்கற தொழிலாளியோ, காண்ட்ராக்ட் ஆளோ யாருமே அந்த மேஜையில இல்ல. ட்ரெய்னிங் யாருக்கோ அவங்களைத் தவிர மத்த எல்லாரும் உக்காந்து பாடத்தை முடிவு பண்றோம். பாடம் எழுதறவருக்கு புல்லி அடைச்சா கையை விட்டு எடுக்கற பழக்கம் இருக்குன்னு தெரியாது, கையை விடாதேன்னு எழுதிட்டுப் போயிடுவார். ஏன் கையை விடறோம்னு எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம், பேனல் ரூம் அந்தக் கோடியில இருக்கு, பூட்டிக் கெடக்கும், சாவி எலக்ட்ரீஷியன் கிட்ட இருக்கும், அவர் வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் உற்பத்தி நின்னா யாருக்கு பதில் சொல்றதுன்னு சூப்பர்வைசர் போன்லயே இருப்பார். அப்ப தேவை இன்னொரு வகுப்பு இல்ல, கன்வேயர் பக்கத்துலயே பூட்டற மாதிரி ஒரு ஐசோலேட்டர், கரண்டைத் துண்டிக்கற ஸ்விட்ச் தான்னு அஞ்சு நிமிஷத்துல முடிவாகியிருக்கும்.

இது நான் புதுசா கண்டுபிடிச்சு சொல்றது இல்ல. 1911 மார்ச் 25 நியூயார்க்ல ட்ரையாங்கிள்னு ஒரு துணி ஃபேக்டரி பத்திக்கிச்சு, 146 பேர் செத்தாங்க, பெரும்பாலும் சின்னப் பொண்ணுங்க, ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்துச்சு, தீயணைப்பு ஏணி அந்த மாடி வரைக்கும் எட்டல. அதுக்கப்புறம் அந்த மாநிலம் போட்ட விசாரணைக் கமிஷன்ல அரசியல்வாதிங்க இருந்தாங்க, வியாபாரப் பெரும்புள்ளிங்க இருந்தாங்க, கூடவே தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸும் உறுப்பினரா இருந்தார். அந்த கமிஷனுக்காக வேலை பாத்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், அந்தத் தீயை தெருவுல நின்னு கண்ணால பாத்தவங்க, கமிஷன் உறுப்பினர்களை ஆபீஸ்ல உக்கார விடல, ஃபேக்டரிக்கே இழுத்துட்டுப் போனாங்க. ராபர்ட் வாக்னர்னு ஒரு செனட்டர், அவரை ஒரு சுவத்து ஓட்டை வழியா தவழ்ந்து போக வெச்சாங்க, அந்தப் பக்கம் ஐஸ் படிஞ்ச ஒரு ஏணி, அதுவும் தரைக்கு 12 அடி மேலயே முடிஞ்சிடும், அதுக்குப் பேரு தீ வந்தா தப்பிக்கிற வழி. அந்த ஓட்டையில தவழ்ந்த மனுஷன் அதுக்கப்புறம் சட்டம் எழுத உக்காந்தா எப்படி எழுதுவார்! தீ ஒத்திகை, கதவைப் பூட்டக் கூடாதுங்கறது, இதெல்லாம் அடுத்தடுத்த வருஷங்கள்ல சட்டமா வந்துச்சு. அந்த அம்மா பின்னாடி 1933-ல அமெரிக்காவோட தொழிலாளர் துறைக்கே அமைச்சர் ஆனாங்க.

அதனால உங்ககிட்ட என் முதல் வேண்டுகோள் இது தான், பாடத்திட்டக் குழு முதல் கூட்டத்தை ஹோட்டல் ஹால்ல போடாதீங்க. ஒரு ஃபேக்டரியில, நைட் ஷிப்ட்ல, மெஷின் ஓடிட்டு இருக்கறப்ப போடுங்க. தவழ வேண்டிய இடம் இருந்தா தவழ்ந்து பாருங்க.

முதலாளிங்க சங்கம் பாதுகாப்பு வேலை பாத்தா அது ஒப்புக்குத் தான் இருக்கும்னு சிலர் சொல்றாங்க, நான் அதை முழுசா ஒத்துக்க மாட்டேன். ஜெர்மனியில 1884-ல விபத்துக் காப்பீட்டு சட்டம் போட்டப்ப ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியா ஒரு அமைப்பு வெச்சு, அந்தத் தொழில் முதலாளிங்க எல்லாரும் சேர்ந்து பணம் போட்டு, அடிபட்டவங்களுக்கு நஷ்டஈடு அதுல இருந்து குடுக்கணும்னு ஆக்கினாங்க. உங்க தொழில்ல எவன் கை போனாலும் காசு உங்க எல்லார் பாக்கெட்ல இருந்தும் போகும்னு ஆனதும் அந்த அமைப்புங்களே பாதுகாப்பு விதி எழுதி, ஆள் வெச்சு சோதனை பண்ண ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் அது நடக்குது, நிர்வாகத்துல முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சரிபாதி. சங்கம்னா இப்படியும் இருக்க முடியும். ஒருத்தர் யூனிட்ல ஆள் செத்தா அது அவரோட பிரச்சினைன்னு மத்தவங்க ஒதுங்காம, நம்ம தொழிலுக்கே வந்த அவமானம்னு சங்கம் நினைக்கணும். உங்க சங்கத்துல கடைசியா எந்தக் கூட்டத்துல ஒரு விபத்தை வரிவரியா எடுத்துப் பேசினீங்க? வரியைப் பத்தி, மின் கட்டணத்தைப் பத்தி பேசற கூட்டத்துல அரை மணி நேரம் அதுக்கு ஒதுக்க முடியாதா?

நீங்க போடற மாதிரி ஒப்பந்தம் அமெரிக்காவுல 2002-ல இருந்து நடக்குது, அலையன்ஸ் ப்ரோக்ராம்னு பேரு, அவங்க பாதுகாப்புத் துறை ஓஷா, சங்கங்களோட கையெழுத்துப் போட்டு பயிற்சி, கையேடு எல்லாம் சேர்ந்து தயாரிக்கும். அதுல தொழிற்சங்கமும் கையெழுத்துப் போடலாம். எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், அந்த ஒப்பந்தம் போட்டதுக்காக யாருக்கும் இன்ஸ்பெக்ஷன்ல இருந்து விலக்கு கிடையாது. ஆனா இன்னொண்ணையும் பாக்கணும், அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக அரசோட வேலையை ஆராய்ஞ்சு சொல்ற அமைப்பு 2004-ல இந்த மாதிரி தன்னார்வத் திட்டங்களை எல்லாம் சேர்த்து அலசிட்டு, பலன் இருக்கற மாதிரி தெரியுது, ஆனா விரிவாக்கறதுக்கு முன்னாடி முழுசா மதிப்பிட்டுப் பாருங்கன்னு சொல்லுச்சு. எத்தனை பேர் உக்காந்தாங்கன்னு எண்றது சுலபம், எத்தனை கை தப்பிச்சதுன்னு எண்றதுக்கு யாரும் முன்கூட்டியே ஏற்பாடு பண்றதில்ல. நீங்க இப்பவே பண்ணுங்க. ட்ரெய்னிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு யூனிட்லயும் கடந்த வருஷக் காயம், மயிரிழையில தப்பிச்சது எல்லாத்தையும் எழுதி வாங்குங்க, ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வாங்குங்க. அந்தக் கணக்கை தொழிலாளிங்களுக்கும் காட்டுங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மயிரிழையில தப்பிச்சதை எவனும் சொல்ல மாட்டான், சொன்னா மெமோ வரும், காண்ட்ராக்ட் ஆளா இருந்தா அடுத்த நாள் கேட்லயே நிறுத்திடுவாங்க. சொன்னவனுக்கு எந்த நடவடிக்கையும் வராதுன்னு ரெண்டு பேரும் எழுத்துல குடுங்க, ஒப்பந்தத்துலயே ஒரு வரியா சேருங்க. விபத்தே இல்லாத மாசத்துக்கு பரிசுன்னு வேற சில இடத்துல குடுக்கறாங்க, தயவு பண்ணி அதை நிறுத்தச் சொல்லுங்க, விரல் நசுங்கினவன் பரிசு போயிடும்னு துணியைச் சுத்திக்கிட்டு வேலை பாத்ததை நான் பாத்திருக்கேன்.

துறைக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். சங்கத்தோட சேர்ந்துட்டோம், நண்பர்கள் ஆயிட்டோம்னு சோதனையைக் குறைச்சிடாதீங்க. கை போகாம மறைக்கற தகடு, நாங்க கார்டுன்னு சொல்வோம், அது இல்லாத பிரஸ்ஸை கவனமா ஓட்டுன்னு நூறு மணி நேரம் சொல்லிக் குடுத்தாலும் ஒரு நாள் தூக்கக் கலக்கத்துல கை உள்ள போகும், மனுஷன் அப்படித் தான். முதல்ல ஆபத்தையே எடுக்க முடியுமா, முடியலன்னா குறைஞ்ச ஆபத்துக்கு மாத்த முடியுமா, அப்புறம் கார்டு போட்டு மறைக்க முடியுமா, அதெல்லாம் பாத்துட்டுத் தான் பயிற்சியும் வேலை முறையும், ஹெல்மெட்டும் கிளவுஸும் எல்லாத்துக்கும் கடைசி. இந்த வரிசை உங்களுக்குத் தெரியாதது இல்ல. நடைமுறையில தலைகீழா நடக்குது, கார்டு போட செலவாகும், ட்ரெய்னிங் மலிவு, அதனால முதல்ல ட்ரெய்னிங். விபத்து நடந்தா 'சொல்லிக் குடுத்தோம், அவன் தான் கவனமா இல்ல'. ஒரு மெஷின்ல கார்டு இல்லாம அதுல ட்ரெய்னிங் நடத்தினா அந்த சர்டிபிகேட் செல்லாதுன்னு ஒரு விதி போட்டுப் பாருங்க.

தொட்டியில இறங்கற வேலையைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அங்க தான் ட்ரெய்னிங்னா என்னன்னு தெரியும். ஒருத்தன் உள்ள இறங்கி மயங்கி விழறான். மேல நிக்கறவன் அவன் கூட்டாளி, அண்ணனாக் கூட இருக்கலாம். அவன் என்ன பண்ணுவான்? யோசிக்காம குதிப்பான். அவனும் விழுவான், அடுத்து மூணாவது ஆள். 1986-ல அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நியாஷ் ஒரு எச்சரிக்கை வெளியிட்டுச்சு, இந்த மாதிரி அடைபட்ட இடத்துல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கும் மேல காப்பாத்தப் போனவங்கன்னு. உள்ள ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அது ஆபத்தான காத்து. ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்னு சொல்லிக் குடுப்பாங்க, நாத்தம் போயிடுச்சு, கேஸும் போயிடுச்சுன்னு ஆள் நினைச்சிடுவான், ஆனா 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கு, கிட்ட போனாலே மூக்கு மரத்துப் போயிடும், நாத்தமே தெரியாது, அப்ப தான் ஆள் போவான். இதை ஒரு வரியா படிச்சிட்டுப் போனா பிரயோஜனம் இல்ல. ஒரு பொம்மையை தொட்டிக்குள்ள போட்டு, மேல நிக்கறவனை குதிக்காம நிக்க வெச்சு, தொட்டி வாய் மேல வெச்ச முக்காலியில வின்ச்சை, கயித்தைச் சுத்தி இழுக்கற கருவியை, மாட்டி பொம்மையை மேல இழுக்க வெக்கணும். கையை இறுக்கிக்கிட்டு குதிக்காம நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு அவனுக்கு அன்னிக்கே தெரியணும். அதுவும் ஒரு தடவை போதாது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது பண்ணணும்.

மொழியைப் பத்தி நீளமா எழுதல. வேலை பாக்கறவனுக்கு எந்த மொழி புரியுமோ அதுல சொல்லுங்க, அவன் எழுத்துக் கூட்டிப் படிக்காதவனா இருந்தா படத்துலயும் கையிலயும் காட்டுங்க. ஓஷாவே 2010-ல தொழிலாளிக்குப் புரியற மொழியில, புரியற வார்த்தையில குடுத்தாத் தான் அது பயிற்சின்னு தன் இன்ஸ்பெக்டர்களுக்கு எழுதுச்சு. அதே மாதிரி வேலை நேரத்துல, சம்பளத்தோட நடத்துங்க. பன்னெண்டு மணி நேரம் முடிச்சு வர்றவனை உக்கார வெச்சா அவன் கண்ணு தான் திறந்திருக்கும். ஐநா-வோட தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ-வோட 1981-ஆம் வருஷத்து 155-ஆம் உடன்படிக்கை 21-ஆம் பிரிவுல பாதுகாப்பு நடவடிக்கை எதுக்கும் தொழிலாளிக்கு செலவு வரக் கூடாதுன்னு இருக்கு, 19-ஆம் பிரிவுல தொழிலாளிங்களுக்கும் அவங்க பிரதிநிதிங்களுக்கும் பயிற்சி குடுக்கணும்னு இருக்கு. 2022-ல ஐஎல்ஓ மாநாடு பாதுகாப்பான வேலையிடத்தையே அடிப்படை உரிமைகள் வரிசையில சேர்த்துடுச்சு. அதனால பயிற்சி நாள் சம்பளத்தைக் கழிக்கறது, சர்டிபிகேட்டுக்குக் காசு வாங்கறது, பூட்ஸ் காசை சம்பளத்துல பிடிக்கறது எல்லாம் ஒரு சலுகை கேக்கற விஷயம் இல்ல.

சூப்பர்வைசர்களை முதல் பேட்ச்ல எடுங்க. தொழிலாளிக்கு மட்டும் சொல்லிக் குடுத்து அனுப்பினா அவன் பேனலைப் பூட்டப் போறப்ப 'அதெல்லாம் ட்ரெய்னிங்ல சொல்றது, இப்ப சீக்கிரம் முடி'ன்னு ஒரே வார்த்தையில அத்தனையும் காலி ஆயிடும். சூப்பர்வைசரைத் திட்டறதும் என் நோக்கம் இல்ல, அவர் தலை மேல டார்கெட் இருக்கு, மெஷின் நின்ன நிமிஷத்துக்கெல்லாம் கணக்கு கேப்பாங்க. சேஃப்டிக்காக நின்ன நிமிஷம் அந்தக் கணக்குல வராதுன்னு ஓனர் சொன்னாத் தான் அவர் கையை எடுப்பார். அதனால ஓனருக்கும் ஒரு வகுப்பு வேணும், அதை அதிகாரி நடத்த வேணாம், சங்கத்துலயே ஆள் இழந்த ஒரு ஓனரைப் பேச வையுங்க.

மாட்டேன்னு சொல்ற உரிமை இல்லாம எந்த ட்ரெய்னிங்கும் பாதியில நிக்கும். 2013 ஏப்ரல் 24 வங்கதேசத்துல ரானா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் செத்தாங்க. முந்தின நாளே சுவத்துல விரிசல் தெரிஞ்சுச்சு, கீழ இருந்த பேங்க்கும் கடைகளும் மூடிட்டாங்க, மேல தையல் வேலை பாத்தவங்களை மட்டும் மறுநாள் உள்ள போகச் சொன்னாங்க. விரிசல்னா ஆபத்துன்னு அவங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்ல, தெரிஞ்சு தான் பயந்துக்கிட்டு நின்னாங்க. அதுக்கப்புறம் வந்த அக்கார்டு ஒப்பந்தத்துல ஒரு பக்கம் துணி கம்பெனிங்க, ஒரு பக்கம் தொழிற்சங்கங்க சரிசமமா, நடுவுல ஐஎல்ஓ தலைமை, கோர்ட்டுக்குப் போற அளவுக்குக் கட்டுப்படுத்தற ஒப்பந்தம், ஆபத்தான கட்டடத்துக்குள்ள போக மாட்டேன்னு சொல்ற உரிமையும் அதுல எழுதியிருந்துச்சு. மூணாவது கையெழுத்துன்னு, தொழிலாளிக்கு ஒரு மூணாவது நாற்காலின்னு நான் கேக்கறது இதைத் தான்.

சங்கத்துல மெம்பரா இல்லாத சின்னச் சின்ன யூனிட்டுங்களையும் விட்டுடாதீங்க, அஞ்சு பேர் பத்து பேர் வேலை பாக்கற இடம். பெரிய கம்பெனியில ட்ரெய்னிங் ஹால் இருக்கு, சேஃப்டி ஆபீசர் இருக்கார், உங்க டார்கெட் அங்கயே முடிஞ்சிடும். ஒரு வேன்ல ஒரு டெமோ பேனல், நாலு பூட்டு, ஒரு சின்ன பெல்ட், ஒரு பொம்மை, ஒரு கேஸ் மீட்டர் வெச்சுக்கிட்டு நேரா அவங்க வாசலுக்குப் போங்க. சங்கம் வேனுக்கு ஏற்பாடு பண்ணட்டும், துறை ஆள் குடுக்கட்டும், நடத்தறதுக்கு எங்கள மாதிரி பழைய ஃபிட்டர், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, வருவோம்.

ஐஎல்ஓ 2023-ல சொன்ன கணக்குப்படி உலகத்துல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 29 லட்சம் பேர் வேலையால சாகறாங்க, அதுல விபத்துல போறவங்க 3 லட்சத்து 30 ஆயிரம், மத்தவங்க எல்லாம் தூசு, புகை, கெமிக்கல், ஓயாத வேலைன்னு மெதுவா வர்ற நோயில போறவங்க. நான் விபத்தைப் பத்தியே எழுதிட்டேன், எனக்குப் பழக்கம் அது. நுரையீரலுக்குள்ள போற தூசுக்கு அட்டெண்டன்ஸ் ஷீட் கூட கிடையாது, அதையும் உங்க பாடத்துல சேருங்க.

அந்தப் பையன் இப்ப ஒரு கேட்ல உக்காந்து வண்டி நம்பர் எழுதற வேலை பாக்கறான், இடது கையால. ஆரம்பத்துல எழுத்து கோணலா வந்துச்சு, இப்ப நல்லாவே எழுதறான். நான் இந்த மடலை எழுதப் போறேன்னு அவன்கிட்ட சொன்னேன், என்ன எழுதணும்னு கேட்டதுக்கு, 'பூட்டைக் கையில குடுக்கச் சொல்லுங்கண்ணே'ன்னு மட்டும் சொன்னான். உங்க பாடத்திட்டக் குழுவுல மூணாவது நாற்காலி போட்டீங்கன்னா அதுல முதல்ல அவனை உக்கார வையுங்க. ஞாயித்துக்கிழமை அவனுக்கு லீவு, மத்த நாள்னா ரெண்டு நாள் முன்னாடி சொல்லணும், ஷிப்ட் மாத்திக்கிட்டு வந்துடுவான், கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு.

இப்படிக்கு,
மெயின்டனன்ஸ்ல வேலை பாக்கற ஒரு ஃபிட்டர்